புதுப்பிப்பு: 64 ஜிபியா, 128 ஜிபியா? வாங்கிவிட்டேன்

புது டேப்லெட்டுக்கு 64 ஜிபி சேமிப்பிடம் போதுமா, 128 வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 128 வாங்கிவிட்டேன், நிம்மதியாக இருக்கிறது.

பெட்டியில் 128 என்று இருந்தாலும் முழுதும் நமக்குக் கிடைக்காது. பெட்டியில் கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படியும் 1000 மடங்கு என்று கணக்கு; அதை 1024 மடங்கு என்று கணக்கிட்டால் சுமார் 119தான். அதிலும் இயங்குதளம் (டேப்லெட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) தன் பங்கை எடுத்துக்கொள்ளும். என்னுடையதில் முதல் நாளே 21 ஜிபி போயிருந்தது. 64 வாங்கியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு அப்போதே போயிருக்கும்!

மெமரி கார்டு போட்டால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். சரி, போட்டேன். படம், பாட்டு, பிடிஎஃப் எல்லாம் அதில் போகின்றன. ஆனால் ஆப்கள் பெரும்பாலும் உள்சேமிப்பில்தான் உட்கார்கின்றன. மகள் வரையும் ஆப் மட்டுமே, அவள் ஓவியங்களோடு சேர்த்து 9 ஜிபி. அப்புறம், ஐபேட் வாங்குபவர்கள் இன்னும் யோசித்து வாங்குங்கள். அதில் கார்டு போட இடமே கிடையாது.