சரவுண்ட் கேட்கவில்லை என்று லெவலைக் கூட்டுவதற்கு முன்

ஹோம் தியேட்டர் இருக்கும் வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு குறைகள் காதில் விழும். "பேசுறது சரியாவே கேக்கல", "பின்னாடி ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னே தெரியல". இரண்டுக்கும் பார்க்கப்படும் வைத்தியம் ஒன்றுதான், அந்த ஸ்பீக்கரின் லெவலைக் கூட்டுவது. சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளில் நான் சரிசெய்து கொடுத்த வரையில், கூட்ட வேண்டியிருந்த இடங்கள் குறைவு. குறைக்க வேண்டியிருந்த இடங்களே அதிகம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லுங்கள்.

தஞ்சாவூரில் பெரியப்பா வீடு. நல்ல ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி), 5.1 ஸ்பீக்கர்: முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், பின்பக்கம் இரண்டு சரவுண்ட், பாஸுக்கு ஒரு சப் வூஃபர். "சண்டைக் காட்சி வந்தா காதை அடைக்குதுப்பா, பேச ஆரம்பிச்சா ஒண்ணும் புரியல" என்றார். செட்டிங்கில் போய்ப் பார்த்தால் சென்டர் +6 டெசிபல், சரவுண்ட் இரண்டும் +8. முதலில் சென்டரைக் கூட்டியிருக்கிறார். அப்புறம் பின்பக்கம் அமுங்கிப்போனது போலிருக்க, அதையும் கூட்டியிருக்கிறார். பேச்சு மறுபடி அமுங்கியதும் மொத்த வால்யூமைக் கூட்டியிருக்கிறார். எல்லாமே ஏறினால் எதுவும் ஏறியதாகாது. நடுவில் ஆம்ப்ளிஃபயருக்குத்தான் சிரமம். 3 டெசிபல் கூட்டினால் இரண்டு மடங்கு பவர் வேண்டும், 6 என்றால் நான்கு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு. காதுக்கோ அந்த 10 டெசிபல்தான் ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும்.

எல்லா லெவலையும் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். ஃபேனை நிறுத்தி, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், காது இருக்கும் உயரத்தில் ஒலி அளக்கும் மீட்டரை ஒரு கேமரா ஸ்டாண்டில் வைத்தேன். இந்த உயரம் முக்கியம். ரிசீவர் வந்த அன்று கடைக்காரர், லெவலையும் தூரத்தையும் ரிசீவர் தானே அளந்து போட்டுக்கொள்ள உதவும் ஆட்டோ செட்டப் மைக்கை சோஃபா குஷன் மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். பின்னால் சாய்மானம், அடியில் பஞ்சு. மைக் எதைக் கேட்டிருக்கும்? மீட்டர் சி வெயிட்டிங் (பாஸையும் பெரிதாகக் குறைக்காமல் அளக்கும் முறை), ஸ்லோவில் (எண் நிதானமாக மாறும்). ரிசீவரே எழுப்பும் சோதனை ஒலியான டெஸ்ட் டோனைப் போட்டு ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பார்த்தால், இடது முன் ஸ்பீக்கரை விட வலது சரவுண்ட் மட்டும் 5 டெசிபல் தூக்கலாக நின்றது.

காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. சோஃபா வலது சுவரை ஒட்டி இருக்கிறது. வலது சரவுண்ட் அவர் தலையிலிருந்து ஒரு மீட்டரில், இடது சரவுண்ட் சாப்பாட்டு மேசையைத் தாண்டி மூன்று மீட்டரில். திறந்த வெளியாக இருந்தால் இந்தத் தூரத்துக்கு 9 டெசிபலுக்கும் மேல் வித்தியாசம் வரும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அந்த அளவுக்கு வராது. வலதைக் குறைத்து, மற்றவற்றை முன் ஸ்பீக்கர்களோடு அரை டெசிபல் வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தேன்.

லெவல் சமமானால் மட்டும் போதாது, தூரமும் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்தான் போகும். மற்றதை விட இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி கிட்டத்தட்ட 6 மில்லி நொடி தாமதித்து வரும். ஒரே ஒலி இரண்டு பக்கமிருந்தும் வரும்போது, முதலில் வந்து சேர்வது எந்தப் பக்கமோ அங்கிருந்துதான் வருகிறது என்று காது முடிவு செய்துவிடும். அதனால் லெவலைச் சமமாக்கிய பிறகும் பக்கத்து ஸ்பீக்கரே பேசுவது போலிருக்கும். டேப் வைத்து அளந்து, டிஸ்டன்ஸ் பகுதியில் சரியான எண்களைப் போட்டதும் ரிசீவர் பக்கத்து ஸ்பீக்கரை அதற்கேற்பத் தாமதப்படுத்த, அந்த இழுப்பு போனது.

பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். சென்டர் ஸ்பீக்கர் டிவி மேசையின் உள்தட்டில், ஒரு சாண் உள்ளே தள்ளி, முழங்கால் உயரத்தில் இருந்தது. தட்டின் முன்விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் சற்று மேல்நோக்கி இருக்கும்படி ரப்பர் துண்டு கொடுத்தேன். விட்ரிஃபைட் டைல்ஸ் தரை என்பதால் சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவில் தடிமனான ஜமுக்காளம் விரிக்கச் சொன்னேன். இவ்வளவுக்குப் பிறகு சென்டருக்கு +1 போதுமாக இருந்தது. +6 போட்டும் புரியாத பேச்சு +1-இல் புரிந்தது என்றால், அங்கே குறை சத்தத்தில் இல்லை, தெளிவில். நம் ஊர் ஹாலில் டைல்ஸ், வெறும் சுவர், காங்கிரீட் கூரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகள். லெவலைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்துதான் கூடும்.

பின்பக்க ஸ்பீக்கர் பற்றி என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன். படம் பார்க்கும்போது அது தனியாகக் காதில் விழுந்துகொண்டே இருந்தால் லெவல் அதிகம் என்று அர்த்தம். மழை, கூட்டம், காற்று என்று காட்சியைச் சுற்றி நிரப்புவதுதான் பெரும்பாலான நேரம் அதன் வேலை. அதை நிறுத்திப் பாருங்கள். திரை சட்டென்று சுருங்கியது போலிருந்தால் லெவல் சரியாக இருக்கிறது.

சென்னையில் ஒரு நண்பர் ஃபிளாட்டில் நடந்தது வேறு கதை. சரவுண்ட் +10 வரை போயும் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. டெஸ்ட் டோன் போட்டால் நன்றாகவே கேட்கிறது! ரிசீவரின் முகப்பில் பார்த்தால் உள்ளே வருவது பிசிஎம் ஸ்டீரியோ, இரண்டே சேனல். டிவியில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டைப் பிசிஎம்மிலிருந்து, வரும் ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் பாஸ் த்ரூவுக்கு மாற்றியதும், முகப்பில் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்று பல சேனல் ஒலி வந்தது. உடனே அந்த +10 பின்னாலிருந்து அலறியது. லெவலைத் தொடுவதற்கு முன்னால் உள்ளே என்ன வருகிறது என்று முகப்பைப் பாருங்கள். அரை நிமிட வேலை.

கோவையிலிருந்து ஒரு உறுப்பினர்:

உங்கள் பதிவில் இருப்பது ரிசீவர் கதை. எங்கள் வீட்டில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப். நம் மாவட்டங்களில் இன்னும் நிறைய வீடுகளில் அதுதானே இருக்கிறது. ஆறு சேனலுக்கு ஆறு வால்யூம் குமிழ். டெஸ்ட் டோன் கிடையாது, திரையில் டெசிபல் எண் கிடையாது, தூரம் போடவும் வழியில்லை. அதனால் குமிழ் எல்லாம் ஒரே கோணத்தில் இருந்தால் பேலன்ஸ் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். முன்பக்கத்துக்கு ஒரு போர்டு, சென்டருக்கு 4440 ஐசி வைத்த வேறொரு ஆம்ப் போர்டு, ஸ்பீக்கர்கள் வேறு வேறு ஓம், வேறு வேறு சென்சிடிவிட்டி (அதே பவருக்கு எவ்வளவு சத்தம் என்பது). கோணம் ஒன்றாக இருந்து என்ன பயன்?

நான் செய்தது இது. சேனல் வாரியாகப் பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான இரைச்சல்) வரும் 5.1 டெஸ்ட் ஃபைலை பென் டிரைவில் ஏற்றிப் போட்டேன். மீட்டருக்குப் பதில் போனில் ஒரு ஆப். போன் மைக் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து ஐந்து ஸ்பீக்கரையும் ஒப்பிடுவதற்கு அது போதும். எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று வெள்ளை மார்க்கரால் கோடு போட்டுவிட்டேன். பிள்ளைகள் திருகினாலும் திரும்ப அதே இடத்துக்கு வந்துவிடலாம்.

இன்னொன்று. 5.1 டிஜிட்டல் டிகோடர் இல்லாமல், ஸ்டீரியோவிலிருந்தே பின்பக்க ஒலியைப் பிரிக்கும் பழைய டால்பி புரோலாஜிக் முறையில் கேட்பவர்கள் பின்பக்கத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். அதில் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் இருந்தாலும் வருவது ஒரே தடம்தான், 7,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி கிடையாது. மந்தமாகக் கேட்பது அந்த முறையின் இயல்பு.

திருநெல்வேலியிலிருந்து ஒரு உறுப்பினர்:

சப் வூஃபர் பற்றி யாரும் சொல்லவில்லையே. கோவை நண்பர் சொன்ன போன் ஆப் இங்கே பலிக்காது. பல ஆப்கள், பாஸைக் குறைத்துக் கணக்கிடும் ஏ வெயிட்டிங்கில் அளக்கின்றன. அந்த முறையில் 50 ஹெர்ட்ஸ் ஒலி உண்மையை விட 30 டெசிபல் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து பாஸ் போதவில்லை என்று சப்பைத் தூக்கிவிட்டால் சுவர் அதிரும். சி வெயிட்டிங் மீட்டர் இருந்தால் மட்டும் எண்ணைப் பாருங்கள். அப்போதும் சப் டோனுக்கு எண் நிற்காமல் ஆடும். சராசரியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை வீட்டில் சோஃபாவில் உட்கார்ந்தால் பாஸே இல்லை, எழுந்து சமையலறை வாசலுக்குப் போனால் நெஞ்சில் அடிக்கிறது. மாப்பிள்ளை சப்பை +9 வரை ஏற்றியிருந்தார். சோஃபா இருந்த இடத்தில் சில அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அங்கே எவ்வளவு கூட்டினாலும் அழிவதும் சேர்ந்தே கூடும். சப்பைத் தூக்கி சோஃபா மேலேயே வைத்து, பாஸ் அதிகமுள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து பார்த்தோம். எந்த இடத்தில் பாஸ் சீராகக் கேட்டதோ அங்கே சப்பை வைத்தோம். இப்போது −2-இல் ஓடுகிறது, மேல்வீட்டுக்காரர்களும் புகார் சொல்வதில்லை.

ஆட்டோ செட்டப் சப் லெவலை −12 என்று காட்டினால் அதை அப்படியே விடாதீர்கள். ரிசீவரால் அதற்கு மேல் குறைக்க முடியாமல் அங்கே முட்டி நிற்கிறது என்று பொருள். சப்பின் பின்னாலுள்ள குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சப்பின் தூரத்தை நிஜத்தை விட அதிகமாகக் காட்டினால் மட்டும் மாற்ற வேண்டாம், சப்புக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போடுகிறது.

பதிவிட்டவர்:

சப் விஷயத்தில் திருநெல்வேலி நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், இடம் மாற்றிய பிறகுதான் லெவல்.

இராத்திரி குறைந்த சத்தத்தில் பார்க்கும்போது சரவுண்ட் மட்டும் தூக்கலாக இருக்கிறது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர் என்றால் ஆடிஸி டைனமிக் ஈக்யூ ஓடுகிறதா என்று பாருங்கள். வால்யூமைக் குறைக்கக் குறைக்க அது பாஸையும் சரவுண்டையும் தானாகக் கூட்டும். லெவல் எண்களைக் கலைக்க வேண்டாம். அதற்குக் கீழே ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட் என்று இருக்கும். 10 வைத்துப் பாருங்கள், அப்போதும் அதிகம் என்றால் 15. அதற்கும் அடங்கவில்லை என்றால் டைனமிக் ஈக்யூவை நிறுத்திவிட்டு, உங்கள் ரிசீவர் மாடலையும் சரவுண்ட் ஸ்பீக்கர் எத்தனை அடியில் இருக்கிறது என்பதையும் இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.