மண்ணுக்குள் கிடந்த வலைத்துண்டு

அன்புடையீர், வணக்கம்.

செடி வைக்கக் குழி தோண்டியபோது மண்வெட்டியில் சிக்கிய வலைத்துண்டு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. பாய் விரித்தாற்போல் படுக்கைவசமாகக் கிடந்தது. வெளுத்த சாம்பல் நிறம், தொட்டால் நொறுங்கும் ஓரங்கள், கட்டைவிரல் நுழையுமளவு கண்கள். பழைய மீன்வலைதான் என்று கழுவிப் பார்ப்பதற்கு முன்பே முடிவுகட்டிவிட்டேன்.

இழைகள் சந்திக்கும் இடங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அந்த எண்ணம் கலைந்தது. கையால் பின்னிய வலையென்றால் சந்திப்புதோறும் முடிச்சு இருக்கும், இழையில் முறுக்கு இருக்கும். இதில் இரண்டும் இல்லை. இழையோடு இழை உருகிக் கலந்து, சந்திப்புகள் சற்றே தட்டையாக இருந்தன. ஆக, இது பின்னிய பொருளே அல்ல, உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சின் வழியே பிதுக்கி வலையாகவே வார்த்தெடுத்தது. இம்முறையை உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரையன் மெர்சர், காலம் 1950கள். இதன் வயதுக்கு அதுவே மேல் எல்லை.

சந்தேகம் தீர, ஒரு துணுக்கைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டியிருந்த காற்றுக்குமிழ்களைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தேன். மேலே வந்து மிதந்தது. நைலானாக இருந்தால் அமிழ்ந்திருக்கும்; பரவலாகப் புழங்கும் பிளாஸ்டிக்குகளில் பாலிஎதிலீனும் பாலிப்ரோப்பிலீனும்தான் தண்ணீரைவிட இலேசானவை. இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டியபோது, பருத்தியைப் போலக் காகித வாடையுடன் சாம்பலாகாமல், மெழுகுவத்தி அணைந்த வாடையோடு உருகிச் சொட்டியது. (இதைத் திறந்த வெளியில் செய்வதே நல்லது.)

மடிந்திருந்த ஓரத்தைப் பிரித்தபோது உட்புறம் பச்சையாக இருந்தது. கண்களுக்குள் புல்வேர்கள் நுழைந்து பின்னியிருந்தன. பாய்போல் சுருட்டி விற்கப்படும் புல்தரை குலையாமலிருக்க வைத்து வளர்க்கும் வலை இதுதான் என்று அப்போதுதான் பிடிபட்டது. புல் வேரூன்றியபின் அதற்கு வேலையில்லை. ஆனால் மட்குவதும் இல்லை.

மீன்வலை மண்ணில் தங்கவே தங்காது என்று இதற்குப் பொருளல்ல. இன்று ரஷ்யாவிலுள்ள கரேலியப் பூசந்தியின் அன்த்ரேயா என்ற ஊர்ப்பகுதியில், 1913ஆம் ஆண்டு வாய்க்கால் வெட்டிய ஒரு விவசாயிக்குக் கிடைத்த வலை, பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அது வில்லோ மரப்பட்டை நாரால் முடிச்சிட்டுப் பின்னப்பட்டது. பழைய நீர்நிலையின் அடிச்சேற்றில் காற்றுப் படாமல் கிடந்ததால் எச்சங்கள் தப்பின. அதை மீன்வலை என்று காட்டிக்கொடுத்ததில், கூடவே கிடந்த மரப்பட்டை மிதவைகளுக்கும் கற்குண்டுகளுக்கும் பெரும் பங்குண்டு. என் குழியில் அப்படி ஒரு கல்லும் இல்லை என்பதை முதலிலேயே கவனித்திருக்கலாம்.

யாருக்காவது முறுக்கிழையும் முடிச்சுமாக, ஈரச்சேற்றில் ஒரு துண்டு கிடைத்தால், இழுக்காமலும் வெயிலில் உலர்த்தாமலும், கிடக்கும் நிலையிலேயே படமெடுத்துவிட்டு, ஈரம் காயாமல் மூடிவைத்து, தொல்லியல் தெரிந்தவரை அழைப்பது முறை. என்னுடையதை இழுத்துப் பார்த்தேன். புல்தரையும் சேர்ந்து எழுந்தது. ஆகவே குழியைச் சுற்றி மட்டும் கத்தரித்துவிட்டுச் செடியை வைத்துவிட்டேன்.