மணிக்கூட்டுக் கோபுரத்தடி: நிண்டு பாத்தவை சொல்லுங்கோ

உவர்மலையான்:
கொழும்பிலயிருந்து 49ஆம் இலக்க பஸ்ஸில திருகோணமலைக்கு விடியப்பறம் வந்து இறங்குற ஆக்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நேர கோணேசர் கோவிலுக்கோ நிலாவெளிக்கோ ஓட்டோ பிடிச்சுப் போயிடுவினம். இறங்கின இடத்தை ஒருத்தரும் பாக்கிறதில்லை. திருகோணமலையை அறியிறதெண்டா அந்த பஸ் ஸ்டாண்டுக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில அரை மணித்தியாலம் நிண்டாக் காணும். கந்தளாய்க்கும் மூதூருக்கும் புல்மோட்டைக்கும் ஆள் கூப்பிடுற சத்தம் ஒண்டு போதும், மாவட்டப் படம் மனசில வந்திடும்.

இன ஒற்றுமை எண்டு படம் எடுக்க வாறவைக்கும் நல்ல இடம்தான். ஆனா 2005 மே மாசம் ஓரிரவில இங்க ஒரு புத்தர் சிலை முளைச்சுது. ஹர்த்தால், கடையடைப்பு, சிலையைச் சுத்தி முள்ளுக்கம்பி, துவக்கோட காவல். நான் அப்ப டியூஷனுக்குப் போற வயசு. காவலில நிண்ட ஒருத்தன் பேக்கைக் கொட்டச் சொல்லி, கொம்பாஸ் பெட்டியைத் திறந்து, கவராயத்தின்ர முனையை விரலால தடவிப் பாத்திட்டுத்தான் என்னை பஸ் ஏற விட்டான்.

கிண்ணியாக் காக்கா:
எங்களுக்கு டவுன் எண்டாலே அந்த இடம்தான். 2009 ஒக்டோபரில கிண்ணியாப் பாலம் திறக்கிற வரைக்கும் பாதையிலதான், அதுதான் ஆக்களை ஏத்திற மிதவையில, கடல் கடக்கணும். வாப்பா சட்டி சட்டியாத் தயிர் கொண்டுபோவார், நானும் கூடப் போவன். காலமையில நல்ல விலை கேப்பார். பின்னேரமானா வாப்பாட கண் துறைப் பக்கம் போயிடும். பாதையை விட்டா ராவைக்கு எங்க படுக்கிற? அது யாவாரிக்கும் தெரியும். அதுக்குப் பிறகு அவன் சொல்றதுதான் விலை. இப்ப 396 மீற்றர் பாலம், நினைச்ச நேரம் போகலாம். எண்ட மருமகன் மாலையானாலும் ஒரு ரூவா குறைக்க மாட்டான். பாலம் போட்டதால என்ன லாபம் எண்டு கேக்கிறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்ற.

பிரதான வீதிப் பிள்ளை:
2006 ஏப்ரல் 12. சித்திரை வருசத்துக்கு ரெண்டு நாள் இருக்கு, உடுப்பெடுக்க அம்மாவோட வந்தனான். மரக்கறிச் சந்தையில குண்டு வெடிச்சுது. குண்டுச் சத்தத்தை விட அதுக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு நிக்குது. கொஞ்ச நேரத்தில பொல்லும் கத்தியுமாக் கும்பல் வந்து தமிழ்க் கடைகளாப் பாத்துக் கொளுத்தத் தொடங்கிட்டுது. நாங்கள் நிண்ட பிடவைக்கடை முதலாளி பின்கதவைத் திறந்து எங்களைத் தள்ளிவிட்டார். அம்மாட கையில சீலை. காசு குடுக்கேல்லை. கடை எரிஞ்சுபோச்சு, முதலாளி பிறகு ஊரிலயே இல்லை. அம்மா அந்தச் சீலையை இண்டைக்கும் மடிப்புக் கலைக்கேல்லை, "கடன் சாமான்" எண்டு சொல்லுவா.

1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் குண்டு போட்ட கதையை அம்மப்பா சொல்லும்போது, "ஏப்ரல் எங்கட ஊருக்கு ராசியில்லை மோனை" எண்டுதான் முடிப்பார். அவர் 2006ஐயும் பாத்திட்டுத்தான் போனவர்.

உவர்மலையான்:
பிள்ளை, அதுக்குப் பிறகு கனகாலம் ஆறு மணிக்கே அந்தச் சந்தி வெறிச்சோடிக் கிடந்தது. இப்ப சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரேக்க கடை வாசல் எல்லாம் கும்பம் வச்சு நிக்கிற சனத்தைப் பாத்தா, அந்த நாள் தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் அதின்ர அருமை விளங்கும்.

வெளிநாட்டுக் கோணமலையான்:
மானைப்பற்றி ஒருத்தரும் மூச்சு விடேல்லையே! கடைசியா ஊருக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்ட் வாங்கில ஒரு பெரியவர் இருந்தார். புள்ளிமான் ஒண்டு அவரின்ர பைக்குள்ள தலையை விட்டுக் கீரைக்கட்டை இழுக்குது. "உனக்கே வாங்கினனான், மூதேவி?" எண்டு ஏசிப்போட்டு மிச்சக் கட்டையும் அவிட்டுப் போட்டார். பாக்க வடிவுதான். ஆனா கோணேசர் கோவிலடிக் கோட்டைக்குள்ள புல் மேய்ஞ்சதுகள் இப்ப மார்க்கெட் குப்பைக்குள்ள பொலித்தீனோட சேத்தெல்லோ தின்னுதுகள். மானோட செல்ஃபி எடுத்து ரோல்ஸ் தீத்துறவை அந்தக் குப்பைத் தொட்டிக்கு ஒரு மூடி வாங்கிப் போட்டா நல்லம்.