உகாண்டாவில் அடிபம்பைப் பழுதுபார்க்க உதவி தேவை

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

மதுரையிலுள்ள எங்கள் திருச்சபையின் மிஷன் குழு, வட உகாண்டாவில் ஒரு கிராமத்தில் ஊழியம் செய்யும் ஒரு குடும்பத்தைத் தாங்கி வருகிறது. நம் தெருக்களில் நாம் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்த அதே இந்தியா மார்க் 2 அடிபம்புதான் அந்தக் கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கும் நல்ல தண்ணீர் தந்துவந்தது; அது நின்றுபோனதிலிருந்து, பெண்களும் பிள்ளைகளும் மாடுகள் இறங்கும் குட்டையில் மொண்டு குடிக்கிறார்கள். 1970களில் நம் நாட்டில் உருவான இந்தப் பம்பு உறுதியானதுதான். ஆனால் நிலத்தடி நீரில் அமிலத்தன்மை மிகுந்த இடங்களில், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் அரித்து, தண்ணீர் செந்நிறமாகி, கடைசியில் குழாய் அறுந்து, அதன் அடியில் தண்ணீரை மேலே தள்ளும் சிலிண்டரோடு ஆழ்துளைக்குள் விழுந்துவிடுகிறது. அங்கும் அதுவே நடந்திருக்கிறது.

புதிய ஆழ்துளைக் கிணற்றுக்குப் பணம் திரட்டுவதைவிட, பழுதுபார்க்கத் தெரிந்த இருவரை அந்த ஊரிலேயே உருவாக்குவதுதான் முதல் தேவை என்று உறுதியாக நம்புகிறேன். ஆகவே மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் அடிபம்பு மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை அறிந்திருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். விழுந்த குழாயை மேலே எடுப்பதையும், வாஷர், ஃபுட் வால்வு (ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் அடி வால்வு) மாற்றுவதையும் அவர்கள் நிதானமாகச் செய்துகாட்டினால், நாங்கள் காணொளியாகப் பதிவுசெய்து அனுப்புவோம். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை எங்கே வாங்கலாம் என்று தெரிந்தவர்களும் எழுதுங்கள்.