மேக்கணக்கு குடும்பம் – வாட்ஸ்அப் குழு

பெரியக்கா: நாவல் எழுதி முடிச்சிட்டேன் 🙏 டைப் பண்ணிக் குடுத்த ஆளு, காப்பிரைட் பதியாட்டி யாராச்சும் களவெடுத்துருவாங்கன்றாரு. பதிஞ்சு தர 15,000 கேக்குறாரு. குடுக்கவா?

அட்டன் மாமா: குடு புள்ள, சல்லிய பாக்காத. காணிக்கு உறுதி மாதிரிதானே.

கொழும்பு தம்பி: ஒரு சதம் குடுக்காதீங்க!! இலங்கையில கதைக்கு காப்பிரைட் பதிவுன்னு ஒன்னே கிடையாது. 2003ஆம் வருச 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதின ஒடனே உரிமை உங்களுக்குத்தான். உங்க காலம் முழுக்க, அப்புறம் 70 வருசம்.

அட்டன் மாமா: அப்ப கொழும்புல புலமைச் சொத்து ஆபீஸ்னு ஒன்னு இருக்கே, அது என்னாத்துக்கு?

கொழும்பு தம்பி: வியாபாரக் குறி, கண்டுபிடிப்பு, டிசைன் பதிய.

சின்னம்மா: இந்தியாவுல பதியிறாங்களே, யூடியூப்ல பாத்தேன்

கொழும்பு தம்பி: அங்க விரும்பினா பதியலாம். கட்டாயமில்ல.

அட்டன் மாமா: எதுக்கும் ஒரு பிரதிய உன் பேருக்கே பதிவுத் தபால்ல போட்டு, பிரிக்காம வை.

கொழும்பு தம்பி: அதால புதுசா உரிமை ஒன்னும் வராது மாமா. அக்கா, கையால எழுதி அடிச்சுத் திருத்தின சி.ஆர். கொப்பி (தடிச்ச நோட்டு) இருக்கா? அதுதான் நல்ல சாட்சி.

பெரியக்கா: எல்லாம் ட்றங்குப் பெட்டியில. ஐ.எஸ்.பி.என்.?

கொழும்பு தம்பி: அது புத்தகத்துக்கு இலக்கம், அவ்வளவுதான். தேசிய நூலகத்துல குடுப்பாங்க.

பெரியக்கா: பதிப்பகத்துல இருந்து ஒரு தாளும் வந்திருக்கு. "சகல உரிமைகளும் வெளியீட்டாளருக்கே." கையெழுத்துப் போடவா?

கொழும்பு தம்பி: ஐயோ போட்றாதீங்க! களவெடுக்கிறவன விட இதுக்குத்தான் பயப்படணும். எழுத்துல கைமாத்திக் குடுத்துட்டா பொறகு அவங்களுதுதான். இந்தப் பதிப்புக்கு மட்டும், இத்தன பிரதின்னு மாத்தச் சொல்லுங்க. நாளைக்கு சிங்களத்துல மொழிபெயர்க்க, நாடகம் போட யாராச்சும் கேட்டா உங்ககிட்டதான் வரணும்.

அட்டன் மாமா: எங்கம்மா கதையத்தானே எழுதியிருக்க? நம்மாளுங்கள இந்தியாவுக்கு அனுப்பப் போட்ட 64 ஒப்பந்தம், தங்கச்சிய தலைமன்னார்ல கப்பலேத்திவிட்டது எல்லாம். அப்ப எங்களுக்கு பங்கில்லையா? 😏

கொழும்பு தம்பி: நடந்தது யாருக்கும் சொந்தமில்ல மாமா. நீங்களும் எழுதலாம். அக்கா எழுதின எழுத்துதான் அக்காவுக்கு.

சின்னம்மா: அண்ணே, காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குப் போகாம, தண்ணி வுழுற பீலிக்கரையில படுத்துக்கெடக்கிற மகன் ஒருத்தனும் கதையில வர்றான். அதுலயும் பங்கு வேணுமா 😂😂

அட்டன் மாமா: என்னா?? எந்தப் பக்கம்? இங்க போடு புள்ள

பெரியக்கா: புத்தகம் வரட்டும், காசு குடுத்து வாங்குங்க மாமா 😄 தம்பி, அந்தத் தாள போட்டோ எடுத்து ஒனக்குத் தனியா அனுப்புறேன்.