துண்டில் "போடர்லைன்" என்று எழுதி வருகிறது: மனவடுவா, ஆளுமைக் கோளாறா? கிராமத்தில் வைத்து என்ன செய்யலாம்?

வவுனிக்குளம் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். பிரதேச செயலக மட்டத்தில உளவளத்துணை செய்யிற ஆக்கள் சார்பா கேக்கிறன். மனநலக் கிளினிக்கில இருந்து எங்களுக்கு வாற துண்டுகளில "ஆளுமைக் கோளாறு, போடர்லைன் வகை" எண்டு எழுதி வாறது கூடுது. தன்னைத்தான் காயப்படுத்துறது, சட்டெண்டு கோவம், ஆரோட பழகினாலும் கொஞ்ச நாளில முறிவு. வயதைப் பாத்தால் 2009ல சின்னப் பிள்ளையளா இருந்த ஆக்கள்.

இஞ்ச ஆற்றை கதையைத் திறந்தாலும் உள்ளுக்கை செல்லடியும் இடப்பெயர்வும் இழப்பும் கிடக்கும். அப்ப இது மனவடுவா, ஆளுமைக் கோளாறா எண்டு எப்பிடிப் பிரிக்கிறது? நாலைஞ்சு மருந்தோட வாற ஆக்களுக்கு அந்த மருந்துகள் என்ன செய்யுது? டிபிடி (உணர்ச்சியைக் கையாளத் திறன் பழக்கிற ஒரு பேச்சுச் சிகிச்சை) தான் சிகிச்சை எண்டு வாசிச்சம். எங்களுக்குக் கிடைக்கிறது கிழமைக்கு ஒருக்கா முக்கால் மணித்தியாலம். அதுவும் காலபோக விதைப்பு தொடங்கினால் வரமாட்டினம். அதை வைச்சு என்ன உருப்படியாச் செய்யலாம்? வீட்டுக்காரருக்கு நோயின்ரை பேரைச் சொல்லவேணுமோ எண்டும் சொல்லுங்கோ.

இரணைமடு (மனநலப் பிரிவு மருத்துவம்):

அந்தப் பெயர் எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். நஞ்சருந்தி வாட்டில் கிடந்த மறுநாள் போடப்பட்ட பெயர் என்றால் பென்சிலால் எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியல்), ஆளுமைக் கோளாறு என்று சொல்ல ஏறக்குறைய 2 வருடமாவது நீடித்த போக்கைக் கேட்கிறது. அதுவும் புருசனோடு மட்டும் சண்டை என்றால் போதாது. வேலை, அயல், கூடப் பிறந்தவர்கள் என்று பல இடத்திலும் தெரிய வேண்டும். பழைய வகைப் பெயர்களை அது கைவிட்டு லேசு, நடுத்தரம், கடுமை என்று அளவு வைக்கிறது. போடர்லைன் மட்டும் தனிக் குறிப்பாகச் சேர்க்கப்படுகிறது. அமெரிக்கர்களின் மனநோய்க் கைநூலான டிஎஸ்எம்-5 இன்னும் ஒன்பது அறிகுறியில் ஐந்து என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

மனவடு நோயின் அடிப்படை மூன்று: நடந்தது இப்போதே நடப்பதுபோலத் திரும்ப வருதல், அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல், ஆபத்து பக்கத்தில் நிற்பதுபோல் ஓயாத விழிப்பு. ஐசிடி-11 புதிதாகச் சேர்த்த "சிக்கலான மனவடு நோய்" இவற்றோடு இன்னும் மூன்றைக் கேட்கிறது: கட்டுக்கடங்காத உணர்ச்சி, தன்னைப் பற்றிய தாழ்வு, உறவில் தடை. குழப்பம் வருவது இந்தப் பிந்திய மூன்றில். சிக்கலான மனவடுவில் "நான் ஒண்டுக்கும் உதவாதவள்" என்ற எண்ணம் வருடக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஆள் மற்றவர்களை விட்டு ஒதுங்குவார். போடர்லைனில் தன்னைப் பற்றிய படமே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒருவரைத் தெய்வமாக வைத்திருந்து, ஒரு போன் அழைப்பு எடுக்காததற்கு அதே ஆளைத் துரோகி ஆக்குவார். இரண்டும் ஒரே ஆளில் இருக்கலாம்; இருந்தால் இரண்டையும் எழுதுவதுதான் முறை.

"கைவிடப்படும் பயம்" என்ற அறிகுறிக்கு வன்னியில் அவசரப்பட்டுச் சரி போடாதீர்கள். தகப்பன் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டு இன்றுவரை முடிவு தெரியாத வீட்டில், ஆட்கள் போனால் திரும்பமாட்டார்கள் என்பது அந்தப் பிள்ளை கண்ட உண்மை. நீங்கள் கேட்க வேண்டியது இன்றைய கதை: கூட இருக்கிறவர் வர ஒரு மணித்தியாலம் பிந்தினால் என்ன நடக்கிறது? அழுது காத்திருப்பது ஒன்று. நாற்பது தடவை அழைப்பது, தன்னைக் காயப்படுத்திப் படம் அனுப்புவது, ஆள் வந்ததும் வீட்டை விட்டுக் கலைப்பது இன்னொன்று.

தவறவிடக் கூடாத வேறு சில. தலையில் செல் துண்டு பட்டவரா? முன்மூளை அடிபட்டால் ஆளின் குணமே மாறும். அந்த மாற்றத்துக்கு ஒரு திகதி இருக்கும், வீட்டுக்காரர் அதைச் சொல்லுவார்கள். அப்படியானவருக்கு ஸ்கான் என்றால், உடம்பில் உலோகத் துண்டு இருப்பதை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள், எம்ஆர்ஐ ஆபத்தாகலாம். இருதுருவ நோயில் (பைபோலார்) மனநிலை நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் ஓடும். நித்திரை இல்லாமலும் களைப்புத் தெரியாது. போடர்லைனில் அது மணித்தியாலக் கணக்கு, பெரும்பாலும் ஒரு பேச்சோ ஒரு பார்வையோ கிளப்பிவிட்டிருக்கும். குடி இருந்தால் சில கிழமை நின்ற பிறகு திரும்பப் பாருங்கள்.

மருந்து: போடர்லைனைக் குணமாக்கும் மாத்திரை இல்லை. பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டி நிறுவனமான நைஸ் 2009இலேயே எழுதிவிட்டது: இந்த நோய்க்கென்று மருந்து தொடங்க வேண்டாம், நெருக்கடியில் அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்தால் ஒரு கிழமைக்கு மேல் நீட்ட வேண்டாம். மனநிலையை நிலைப்படுத்தக் கொடுக்கும் லமோட்ரிஜின் உதவும் என்று நம்பி 276 பேரில் பிரிட்டனில் செய்த சோதனை 2018இல் வெளிவந்தது. வெற்று மாத்திரையை விட ஒரு நன்மையும் காணப்படவில்லை. கூடவே மனச்சோர்வோ மனவடுவோ இருந்தால் அதற்குரிய மருந்துக்கு இடம் உண்டு. ஐந்து மருந்து சேர்வதற்குக் காரணம் எளிது: ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒன்று கூடும், அடங்கியபின் எடுப்பதற்கு ஆள் இல்லை. கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு மருந்துக்கும் நேரே எதற்கு, எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்திப் பார்ப்பது என்று எழுதித் தரும்படி கேளுங்கள். அல்பிரசோலாம், டயசிபாம் வகை அமைதிப்படுத்தும் மாத்திரைகள் சிலரிடம் இருக்கிற கொஞ்சக் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும். ஆனால் மாதக்கணக்கில் எடுத்தவர் சடுதியாக விட்டால் வலிப்பு வரலாம். குறைப்பது கிளினிக்கின் வேலை, நீங்கள் நிறுத்தச் சொல்லாதீர்கள். மாத மருந்தை ஒரேயடியாகக் கையில் கொடுக்காமல் கிழமைக்கிழமை தரக் கேட்கலாம்.

பாலியாறு (உளச்சிகிச்சை):

டொக்டர் சொன்னதுக்குப் பிறகு நான் மூன்றாவது கேள்விக்கு வாறன், அதிலதான் கனக்கக் கதைக்க இருக்கு.

முழு டிபிடிக்கு நாலு கால். கிழமைக்கு ஒரு தனிச் சந்திப்பு, கிழமைக்கு ஒருக்கா இரண்டு மணித்தியாலத்துக்கு மேல போற திறன் வகுப்பு, நெருக்கடியில தொலைபேசி உதவி, சிகிச்சை செய்யிற ஆக்களுக்கே ஒரு கூட்டம். திறன்கள் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 24 கிழமை, வழமையா இரண்டு சுற்று. இஞ்ச அது ஏலாது. அதுக்காக கையை விரிக்கவும் தேவையில்லை: கனடாவில 180 பேரை இரண்டாப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு டிபிடியும் மற்றப் பகுதிக்கு ஒழுங்கான பொது மனநலக் கவனிப்பும் ஒரு வருசம் குடுத்தவை. 2009ல முடிவு வந்தது. இரண்டு பகுதியும் ஏறக்குறைய ஒரேயளவு முன்னேறியிருந்தது. ரண்டிலயும் பொதுவா இருந்தது என்ன? ஒரே ஆள், ஒழுங்கான நேரம், எழுதின திட்டம், நெருக்கடி வந்தாலும் குலையாத போக்கு. இது உங்கட மேசையில செய்யக்கூடிய விஷயம்.

45 நிமிசத்தை இப்பிடிப் பிரியுங்கோ. முதல் அஞ்சு நிமிசம் கிழமைக் கொப்பி: ஒவ்வொரு நாளும் தன்னைக் காயப்படுத்த நினைப்பு 0இல இருந்து 5க்குள்ள எவ்வளவு, செய்ததோ இல்லையோ, நித்திரை எத்தினை மணித்தியாலம். உயிராபத்தான நினைப்பு இருக்கோ எண்டு இதிலயே நேராக் கேளுங்கோ. கேட்டால் எண்ணத்தை விதைச்சுப் போடுவம் எண்டு பயப்பிட வேண்டாம், அப்பிடி நடக்கிறதில்லை. தொடக்கத்தில கேக்காட்டி எழும்பிப் போற நேரத்தில சொல்லுவினம், சந்திப்பு இரண்டு மணித்தியாலமா இழுபடும், அடுத்த கிழமையும் அதே மாதிரித்தான்.

பிறகு இருவது நிமிசம் சங்கிலி. கிழமைக்குள்ள நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து வரிசையாக் கடதாசியில எழுதுறது. முதல் நாள் நித்திரை இல்லை, காலமை சாப்பிடேல்லை (இது பலவீனம்). பின்னேரம் 2 மணிக்குப் போட்ட வைபர் செய்தியைப் பாத்தும் பதில் இல்லை (இது தூண்டல்). "என்னை வேண்டாமாம்" எண்ட நினைப்பு, நெஞ்சு இறுகிறது, கோவம், வெக்கம், கை தேடுறது, செயல். அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டதையும் எழுதவேணும்: உடன ஒரு ஆறுதல், அவர் ஓடி வந்தார், அடுத்த நாள் வெக்கம். ஒவ்வொரு கண்ணியிலயும் "இதில வேற என்ன செய்திருக்கலாம்" எண்டு அவையைக் கொண்டே சொல்லுவிக்கிறது. நாங்கள் விடுற பிழை என்னெண்டால், தூண்டலிலயே நிண்டு அந்த மனுசன் சரியோ பிழையோ எண்டு தீர்ப்புச் சொல்லுறது.

மிச்சத்தில ஒரு திறன், ஒரு வீட்டுவேலை. கடும் கொதிப்புக்கு முகத்தில குளிர்: ஐஸ் பக்கற்றைத் துணியில சுத்தி கண்ணுக்குக் கீழ கன்னத்தில வைச்சு, முன்னுக்குக் குனிஞ்சு, மூச்சைப் பிடிச்சு 15 – 30 செக்கன். இதயத் துடிப்பு இறங்கும். இதய வருத்தக்காரருக்கும் சாப்பாட்டை ஒறுத்து மெலிஞ்ச ஆக்களுக்கும் குடுக்க வேண்டாம். டிபிடி புத்தகத்தில வாளித் தண்ணியில முகத்தை அமத்தச் சொல்லியிருக்கும். நந்திக்கடலைக் கழுத்தளவு தண்ணியில கடந்த ஆக்களிட்டை அதைச் சொல்லிப் போடாதேங்கோ. அதே மாதிரி கண்ணை மூடித் தியானமும் ஆபத்து, கண்ணை மூடினால் பங்கருக்குள்ள போயிடுவினம். கண் திறந்து, கால் நிலத்தில, சுவரில ஒரு புள்ளி. உள்மூச்சு நாலு எண்ணிக்கை, வெளிமூச்சு ஆறு தொடக்கம் எட்டு.

யுத்தக் கதையை முதல் மாதங்களில தோண்ட வேண்டாம். திறந்து அழவிட்டு 4 மணி பஸ்ஸில ஏத்தி அனுப்பினால் அண்டிரவுதான் காயம் நடக்கும். தானாச் சொன்னால் கேளுங்கோ. ஒழுங்கான மனவடுச் சிகிச்சைக்கு, தன்னைக் காயப்படுத்துறது நிண்டு இரண்டு மாதமாவது போகட்டும். ஆனா "இன்னும் தாங்கமாட்டா" எண்டு வருசக்கணக்காத் தள்ளிப்போடுறதும் பிழை.

நெருக்கடித் திட்டம் ஒரு ஏ4 கடதாசி, நாலா மடிச்சால் நாலு பகுதி: எனக்கு ஏறுது எண்டு எப்பிடித் தெரியும், நானா என்ன செய்வன், ஆரோட கதைப்பன், எங்க போவன். கடைசியில 1926 (தேசிய மனநல நிறுவக உதவி இலக்கம்), 1990 அம்புலன்ஸ். மூண்டு பிரதி: அவைக்கு, கிளினிக் கொப்பிக்கு, நம்புற ஒரு ஆளுக்கு. விதைப்புக் காலத்தில வராமல் விடுறதைப் பற்றிக் கேட்டீங்கள்: புரட்டாதியிலயே கதைச்சு, அந்தக் கிழமைகளுக்கு பத்து நிமிசத் தொலைபேசி நேரம் குறிச்சு வையுங்கோ. வராத ஆளின்ரை பேரை வெட்டாதேங்கோ.

முத்தையன்கட்டு (உளநல சமூகப் பணி):

வீட்டுக்காரர் பற்றி. "ஆளுமைக் கோளாறு" எண்ட சொல்லோட நான் ஒத்துப்போகேல்லை. எங்கட தமிழில ஆளுமை எண்டால் புகழ்ச்சி, மேடையில மாலை போட்ட ஆள். கோளாறு சேர்ந்தால் "ஆள் சரியில்லை" எண்டு கேக்கும், அடுத்த கலியாணப் பேச்சில அது வந்து நிக்கும். "உணர்ச்சி கெதியா ஏறும், மெதுவா இறங்கும் வருத்தம்" எண்டு சொல்லிப் பாருங்கோ, தாய்மார் உடன "ஓம், அதுதான்" எண்டு சொல்லுவினம். பிரதேச செயலகப் பதிவிலயும் நோயின்ரை பேர் எழுதவேணும் எண்டில்லை.

தாய்க்கும் புருசனுக்கும் சொல்லவேண்டியது மூண்டு காரியம். கொதிப்பில நிக்கேக்க "உது ஒண்டுமில்லை" எண்டு சொல்லக்கூடாது. "உனக்கு நெஞ்சு நொந்திட்டுது" எண்டால் காணும், அது அவ செய்ததை ஏற்கிறது ஆகாது. "விட்டிட்டுப் போறன்" எண்ட வெருட்டு ஒருக்காலும் வேண்டாம். காயப்பட்ட நேரத்தில மட்டும் ஓடிப்போய்த் தாங்கிறதை விட்டு, நல்லா இருக்கிற நாளிலயும் பக்கத்தில இருக்கவேணும். அம்மன் கோயில் நேத்தியை மறிக்காதேங்கோ. அடிச்சுப் பேய் கலைக்கிறதை மறியுங்கோ.

வயல் வீட்டில பூச்சி மருந்து. பூட்டுப்பெட்டி குடுத்தால் போதும் எண்டு நினைச்சிருந்தம். அனுராதபுர மாவட்டக் கிராமங்களில பெருமெடுப்பில செய்த ஆய்வு 2017ல வந்தது, பெட்டியால நஞ்சருந்தல் குறையேல்லை. அதாலே வீட்டில வைக்காமல் விடுறதுதான்: அடிக்கிற அண்டைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குறது, மிச்சம் வேற வீட்டில.

இரணைமடு:

@முத்தையன்கட்டு, வீட்டாருக்கு உங்கள் சொல் சரி. ஆனால் நோயாளிக்கு உண்மைப் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். மறைத்தால் கூகுளில் தேடிக் கண்டுபிடிப்பார். அங்கே "திருந்தாத ஆட்கள்" என்றுதான் வாசிப்பார். பெயரோடு இதையும் சொல்லுங்கள்: அமெரிக்காவில் 290 நோயாளிகளை 10 வருடம் பின்தொடர்ந்ததில் 93 வீதமானோருக்கு குறைந்தது இரண்டு வருடம் நீடித்த அறிகுறித் தணிவு கிடைத்தது. வேலையும் உறவும் சேர்ந்த முழு மீட்சி பாதிப் பேருக்குத்தான். ஆகவே தையல், தோட்டம், ஏதோவொரு கிழமை வேலை என்று சிகிச்சையின் முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்.

வவுனிக்குளம்:

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்டு. வருச முடிவில எங்களுக்கு இடமாற்றம் வரும். ஒரே ஆள் எண்டு சொல்லிப்போட்டு நடுவில போறதை எப்பிடிச் செய்யிறது?

பாலியாறு:

கடிதம் கிடைச்ச கிழமையே சொல்லுங்கோ தங்கச்சி, கடைசிச் சந்திப்புக்கு ஒத்தி வைக்காதேங்கோ. ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை இருந்தால் நல்லது. சொன்ன கிழமையில காயப்படுத்தல் கூடலாம், அதுக்கு நெருக்கடித் திட்டத்தை முன்னமே புதுப்பிச்சு வையுங்கோ. சந்திப்பின்ரை எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். கடைசி இரண்டு மூண்டு சந்திப்பில புது உத்தியோகத்தரையும் கூட இருத்தி, சங்கிலிக் கடதாசிகளை நோயாளியே அவருக்கு விளங்கப்படுத்தட்டும். அதே கிழமை நாள், அதே நேரம், ஏலுமெண்டால் அதே கதிரை. உங்கட சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் குடுத்திட்டுப் போகாதேங்கோ. புது ஆள் இன்னும் வராட்டி, இடைக்காலத்துக்குக் கிளினிக் நேர்ஸின்ரை பேரைத் திட்டத்தின்ரை நாலாவது பகுதியில எழுதி விடுங்கோ.