மோரே மொழிச் சொற்பட்டியல்: கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் தேடலில் கிடைக்கவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். புர்கினா ஃபாசோவின் வாகடூகுவில் வேலை பார்க்கிறேன். இங்கே மோசி மக்கள் பேசும் மோரே மொழியின் அன்றாடச் சொற்களை எக்ஸெலில் தொகுத்து வருகிறேன். பாதி உடன் வேலை செய்பவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, மீதி ஒரு பிடிஎஃப் அகராதியிலிருந்து எடுத்தவை.

மரத்தைக் குறிக்கும் சொல் (தோராயமாக ‘தீகா’) இரண்டு வரிகளில் இருக்கிறது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் தேடினால் ஒரு வரி மட்டும் வருகிறது. இன்னொரு கேள்வி: கொக்கி போட்ட ஆங்கில ‘வீ’ மாதிரி ஓர் எழுத்தும் பட்டியலில் வருகிறது. ஒலியியல் நூல்களில் நம் ‘வ’வுக்கு அந்தக் குறியைத்தான் போடுவார்கள். இங்கேயும் அதை ‘வ’ என்று படிக்கலாமா?

பதில் 1:
படிக்கக் கூடாது. மோரேயில் அது உயிரெழுத்து. உ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவே, நாக்கைத் தளர்வாக வைத்துச் சொல்லும் ஒலி. ‘யூம்டெ’ (ஆண்டு) என்ற சொல்லில் அது இரண்டு முறை அடுத்தடுத்து வரும், நெடில் என்பதால். ‘வ’ போன்ற மெய்களுக்கு சாதாரண ‘வீ’யும் ‘டபிள்யூ’வும் தனியாக இருக்கின்றன. அதே போல, புள்ளியில்லாத ‘ஐ’ மாதிரி தெரியும் அயோட்டா எழுத்து இ-க்கும் எ-க்கும் நடுவே உள்ள ஒலி. குறில் நெடில் நமக்குப் பழக்கம் என்பதால் அந்தப் பக்கம் கவலை வேண்டாம். ப-வின் இரண்டு ஒலிகள், க-வின் இரண்டு ஒலிகள் அங்கே வெவ்வேறு எழுத்துகள், பொருளும் மாறும். அதனால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைத்தால் பிறகு குழப்பம்தான் மிஞ்சும்.

பதில் 2:
தேடல் சிக்கலுக்குக் காரணமும் அந்த அயோட்டாவாகத்தான் இருக்கும். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, எக்ஸெலில் யுனிகோட் என்ற ஃபங்ஷன் அதைக் காட்டும். இரண்டு வரிகளிலும் சொல்லின் இரண்டாம் எழுத்தைச் சோதியுங்கள். 617 வந்தால் சரி. 953 என்றால் யாரோ கிரேக்க அயோட்டாவைப் போட்டிருக்கிறார்கள். 618 என்றால் ஒலியியல் குறியிலிருந்து நகலெடுத்தது. கொக்கி வீக்குச் சரியான எண் 651. அதற்குப் பதில் 650 அல்லது 965 இருக்கலாம். திறந்த ‘ஈ’க்கு 603, கிரேக்க எப்சிலான் 949.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1978-ல் நைஜர் நாட்டின் நியாமேயில் ஆப்பிரிக்க மொழிகளுக்காக வகுத்த பொது நெடுங்கணக்கில் அயோட்டா இடம்பெற்றது. ஒலியியல் குறிகளை வகுக்கும் பன்னாட்டு ஒலியியல் சங்கமோ 1989-ல் அந்தக் குறியைக் கைவிட்டு வேறு வடிவத்தை (மேலே சொன்ன 618) மட்டும் வைத்துக்கொண்டது. மோரே எழுத்துமுறை பழைய வடிவத்திலேயே நிற்கிறது. உச்சரிப்புக்கென்று தனி நெடுவரிசை வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள், மோரே நெடுவரிசையில் மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி! பிடிஎஃப் வரியில் 617, வாட்ஸ்அப் வரியில் 953. மாற்றியதும் தேடல் சரியாகிவிட்டது. ஆனால் மேலே அலைக்கோடு போட்ட சொற்கள் இன்னும் சரியாக வரவில்லை. ‘பாங்கா’ (வலிமை) என்ற சொல்லும் அதில் ஒன்று.

பதில் 2:
அது வேறு கோளாறு. அலைக்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யை 227 என்ற ஒரே எழுத்தாகவும் எழுதலாம், வெறும் ‘ஏ’யோடு 771 என்ற மிதக்கும் கோட்டைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். கோப்பை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது எழுத்தையும் கோட்டையும் ஒரே எழுத்தாகச் சேர்க்கும் வடிவத்துக்கு, மாற்றுங்கள். பைத்தான் நிரல்மொழியில் அதற்கு யுனிகோட்டேட்டா என்ற தொகுதி இருக்கிறது, ஒரே வரி வேலை. அலைக்கோடு மூக்கொலியைக் குறிப்பது; மோரேயின் ஐந்து மூக்கொலி உயிர்களுக்கும் ஒற்றை எழுத்து வடிவம் இருப்பதால் எதுவும் விடுபடாது. எந்த ஃபோனிலாவது வெறும் கட்டம் தெரிந்தால் நோட்டோ, ஜென்டியம், கரிஸ் மூன்றில் ஏதாவது ஓர் எழுத்துருவைப் போடுங்கள்.

பதில் 1:
மூக்கொலி உயிரை எப்படிச் சொல்வது என்று அடுத்து கேட்பீர்கள். பேச்சில் ‘வந்தான்’ என்று சொல்லும்போது கடைசி ‘ன்’ தனியாக ஒலிக்காமல் ஆ-வே மூக்கு வழியாக வருகிறதல்லவா, அதேதான்.

கேள்வி கேட்டவர்:
அருமை. இப்போது எல்லாம் கிடைக்கிறது. கடைசியாக ஒன்று: ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு பொருள் வருகிற சொற்களை நண்பர்கள் வேறுவேறு மாதிரி சொல்கிறார்கள். பட்டியலில் எதையோ விட்டிருக்கிறேனா?

பதில் 1:
இல்லை, அது சுரம், அதாவது பொருளை மாற்றும் குரலின் ஏற்ற இறக்கம். மோரேயில் உயர்சுரம், தாழ்சுரம் என இரண்டு உண்டு, வழக்கமான எழுத்தில் குறிப்பதில்லை. பேசுபவர்கள் இடம்பார்த்துப் புரிந்துகொள்வார்கள், கற்பவருக்கு அது முடியாது. அந்த நண்பர்களையே ஒவ்வொரு சொல்லையும் சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். கோப்பின் பெயரை ஒரு நெடுவரிசையில் சேர்த்துவிட்டால் போதும்.